இறால் குட்டை கழிவுத் தண்ணிய நுண்பாசி வச்சு சுத்தம் பண்றது எப்படி

அறுவடை அன்னைக்கு மதகுப் பலகைய ஒவ்வொண்ணா தூக்குறோம்ல, மேல் தண்ணி ஓரளவு நல்லாத்தான் போகும், கடைசி கால்வாசித் தண்ணி வர்றப்ப ஒரு தடவை கையில அள்ளிப் பாருங்க. மைய கரைச்ச மாதிரி கருப்பா இருக்கும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், கைய ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் சோறு திங்கிறப்ப அந்த வாடை இருக்கும். அந்தத் தண்ணிதான் நேரா வாய்க்காலுக்குப் போய் அங்கேர்ந்து உப்பனாத்துக்குப் போவுது, மறுநாள் கடல் ஏறுறப்ப அதே தண்ணிய அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் போட்டு உள்ள ஏத்துறாரு. நாகப்பட்டினம், சீர்காழி, வேதாரண்யம் பக்கம் பண்ணை வச்சிருக்க எல்லாருக்கும் இது தெரியும். இதுக்கு நான் செய்றத ஆரம்பத்துலேர்ந்து எழுதுறேன், நிறைய பேரு கேட்டுட்டாங்க, போன்ல சொன்னா பாதி விட்டுப்போவுது.

முதல்ல ஒரு கணக்கு. நாம வளக்குற வனாமி ரக இறாலோட தீவனத்துல சுமார் 35 சதவீதம் புரதம், புரதத்த 6.25 ஆல வகுத்தா நைட்ரஜன் வரும், அப்ப 1 டன் தீவனத்துல 56 கிலோ நைட்ரஜன் இருக்கு. 1 டன் இறால் எடுக்க 1.4 டன் தீவனம் போட்டோம்னு வைங்க, 78 கிலோ நைட்ரஜன் குட்டைக்குள்ள போயிடுச்சு. அறுவடை பண்ற இறால் உடம்புல வெளிய போறது 30 கிலோவுக்குள்ளதான். மிச்சம் கிட்டத்தட்ட 50 கிலோ தண்ணியிலயும் சேத்துலயும் கிடக்கு. யூரியா கணக்குல பார்த்தா ஒரு டன் இறாலுக்கு ரெண்டு மூட்டைக்கு மேல யூரியாவ வாய்க்கால்ல கொட்டுறதுக்குச் சமம். நெல்லுக்கு யூரியா கிடைக்கலன்னு சொசைட்டி வாசல்ல நிக்கிற அதே ஊருலதான் இது நடக்குது.

இந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திங்கிறதுக்குன்னே ஒரு உயிர் இருக்கு, அதுதான் நுண்பாசி. நம்ம குட்டையில தண்ணிக்கு பச்சை கலரோ பழுப்பு கலரோ குடுக்குதே அதேதான். ஆனா ஒண்ண நல்லா மனசுல வச்சுக்கிடணும், இதுல தப்பு பண்ணாதவங்க கம்மி: பாசி கழிவ அழிக்கிறதில்ல, தன் உடம்புல வாங்கி வச்சுக்குது, அவ்வளவுதான். பாசிய நீங்க தண்ணியிலேர்ந்து பிரிச்சு வெளிய எடுத்தாத்தான் கழிவு போச்சு. எடுக்காம விட்டா அது செத்து அழுகி வாங்குனத அப்படியே திருப்பிக் குடுத்துடும்.

எனக்கு இது புரிஞ்சது பட்ட பின்னாடிதான். முதல் வருஷம் கழிவுத் தண்ணிய ஒரு குட்டையில தேக்கி பாசி விட்டேன், எட்டு நாள்ல தண்ணி கரும்பச்சையா ஆயிடுச்சு, தண்ணி சோதிக்கிற கிட்டுல நைட்ரஜன் கழிவான அம்மோனியாவ பார்த்தா நல்லா இறங்கியிருந்துச்சு, சரி வேலை முடிஞ்சுதுன்னு அப்படியே விட்டுட்டு அடுத்த குட்டைய காய வைக்கப் போயிட்டேன். ஐப்பசி மாசம், மூணு நாள் விடாம மூட்டம், நாலாம் நாள் காலையில போய் பார்த்தா தண்ணி பழுப்பா மாறி ஓரமெல்லாம் நுரை தள்ளியிருக்கு, மொத்த பாசியும் செத்துடுச்சு. அம்மோனியா ஆரம்பத்துல இருந்தத விட அதிகமா காட்டுது. மழைத் தண்ணி வேற சேர்ந்து கரை தாங்காதுன்னு பயந்து மதகத் திறந்து விட்டுட்டேன். மத்தியானம் வாய்க்கால்ல வலை வீசுற பெரியவர் ஒருத்தர் வந்தாரு, துண்டுல முடிஞ்சு கொண்டு வந்த செத்த மடவை மீனுங்கள கரையில கொட்டினாரு, “தம்பி, இது உங்க தண்ணி”ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தா கூட பரவாயில்ல. அதுக்கப்புறம்தான் பாசி வளக்குறத விட பாசிய எடுக்குறதுக்கு என்ன வழின்னு தேட ஆரம்பிச்சேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கிடணும். நம்ம டெல்டா கரையில இறால் பண்ணைய எதிர்த்துப் போராடுன ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்குலதான் 1996 டிசம்பர் 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, கெடுத்தவனே செலவு பண்ணி சரி பண்ணணும்ங்கறத அதுல அழுத்திச் சொன்னாங்க. 2005-ல கோஸ்டல் அக்வாகல்ச்சர் அத்தாரிட்டி சட்டம் வந்துச்சு. அப்ப போட்ட விதியில கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள்ள 5 ஹெக்டேர், வெளிய 10 ஹெக்டேர்னு அதுக்கு மேல உள்ள பண்ணைக்குத்தான் கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டாயம்னு வச்சாங்க, மொத்த குட்டை பரப்புல 10 சதவீதமாவது இதுக்கு ஒதுக்கணும்னாங்க. நம்மள மாதிரி ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் ஆளுங்கள யாரும் வந்து கேக்க மாட்டாங்க. ஆனா கரையோரம் வரிசையா இருக்குறது பூரா நம்ம பண்ணைதான், எல்லாத்தையும் சேர்த்தா ஒரு பெரிய பண்ணைய விடப் பெருசு. அதனால சின்ன பண்ணையும் செய்யணும்ங்கறதுதான் என் எண்ணம், முடிஞ்சா பக்கத்துல நாலு பேரு சேர்ந்து ஒரு பொதுக் குட்டையா போட்டா செலவும் குறையும்.

வெளிய விடுற தண்ணிக்கும் அந்த விதியில அளவு குடுத்திருந்தாங்க: மிதக்குற அழுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள்ள, பிஓடி, அதாவது அழுக்கு மக்குறதுக்கு இழுக்குற ஆக்சிஜன், கடல்ல விட்டா 50, ஆறு கழிமுகத்துல விட்டா 20, மொத்த நைட்ரஜன் 2 மில்லிகிராம், பிஹெச் 6-லேர்ந்து 8.5, ஆக்சிஜன் 3-க்குக் குறையக் கூடாது. பிஹெச்சும் ஆக்சிஜனும் பின்னாடி வேணும், ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப அமைப்பு. ஒரு ஏக்கர் குட்டைன்னா 4000 சதுர மீட்டர், 1.2 மீட்டர் ஆழம், மொத்தம் 48 லட்சம் லிட்டர். 10 சதவீதம்னா 400 சதுர மீட்டர், பாசிக் குட்டை ஆழம் 40 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, ஏன்னா தண்ணி பச்சையாக பச்சையாக வெயில் அடிக்கு இறங்காது, ஒரு மீட்டர் ஆழம் வச்சா கீழ் பாதி இருட்டுல சும்மா கிடக்கும். அப்ப பாசிக் குட்டைக்கு 1,60,000 லிட்டர்தான் கொள்ளும். 48 லட்சத்த இதுல எப்படி விடுறதுன்னு கேப்பீங்க, விட முடியாது, விடவும் கூடாது. வேலைய ரெண்டா பிரிங்க. வளர்ப்பு நடக்குறப்ப சென்டர் டிரெயின்ல, அதாவது குட்டை நடு வடிகால்ல, தினம் எடுக்குற அழுக்குத் தண்ணி 20,000-லேர்ந்து 30,000 லிட்டர் இருக்கும்னு வைங்க, அது இந்த பாசிக் குட்டைக்கு கச்சிதமா பொருந்தும், உள்ள வர்ற தண்ணி அஞ்சுலேர்ந்து எட்டு நாள் தங்கிட்டுப் போகும், அந்த நாள் போதும். அறுவடைல கடைசியா வர்ற அந்தக் கால்வாசி கருப்புத் தண்ணிக்கு, அறுவடை முடிஞ்சு காலியா கிடக்குற பக்கத்துக் குட்டையவே பாசிக் குட்டையா மாத்திக்குங்க. ரெண்டு வளர்ப்புக்கு நடுவுல எப்படியும் ஒரு மாசம் கேப் விடுறோம்ல, அந்த நேரம் இதுக்குப் பயன்படட்டும். ஒரே நாள்ல எல்லா குட்டையும் அறுவடை பண்றவங்களுக்கு இது ஒத்துவராது, ஒரு பத்து நாளாவது தள்ளித் தள்ளிப் பண்ணணும்.

பாசிக்கு முன்னாடி ஒரு செட்டில்மென்ட் குட்டை கண்டிப்பா வேணும். ஆழமா, ஒன்றரை மீட்டர் இருக்கலாம், நடுவுல ரெண்டு மூணு தட்டி கட்டி தண்ணிய வளைச்சு வளைச்சு ஓட விடுங்க, ஒரு நாள் ரெண்டு நாள் நின்னா சேறும் தீவனத் துகளும் அடியில உக்காந்துடும். கருப்புத் தண்ணிய நேரா பாசிக்கு விட்டா வெயிலே இறங்காது, பாக்டீரியாதான் பெருகும்.

பாசிக் குட்டையில அடியில எச்டிபிஇ ஷீட், அதான் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு, போட்டுடறது நல்லது. தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பாசி அடியில உக்காந்துடும். ஆனா 40 சென்டிமீட்டர் தண்ணியில பெடல் வீல் ஏரேட்டர் ஓட்டினா அடியில கிடக்குறதக் கிளறி கலக்கி விட்டுடும், அதனால பிவிசி பைப்புல ஏர்லிஃப்ட் (காத்துக் குமிழி தண்ணிய மேல தூக்குற அமைப்பு) செஞ்சு ப்ளோயர் காத்து குடுங்க, மெதுவா சுத்தினா போதும்.

அடுத்தது எந்த பாசி. எல்லாரும் குளோரெல்லான்னு சொல்லுவாங்க, அது முரட்டுத்தனமா வளரும், உண்மைதான், ஆனா ஒரு செல்லு 2-லேர்ந்து 5 மைக்ரான்தான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), எடுக்குறப்ப நம்ம உயிர் போயிடும், துணியில நிக்காது, தானா உக்காராது. நானோகுளோராப்சிஸும் அதே கதை. எனக்குப் பிடிச்சது டெட்ராசெல்மிஸும் கீட்டோசெரஸும். டெட்ராசெல்மிஸ் பெருசு, 10 மைக்ரானுக்கு மேல. கீட்டோசெரஸ் டயாட்டம் வகை, சிலிக்கா ஓடு இருக்கறதால வெயிட்டு, கலக்குறத நிறுத்துனா சீக்கிரம் இறங்கும், சித்திரை வெயிலயும் தாங்கும். ஐசோகிரைசிஸ் நம்ம சூட்டுக்கு வேண்டாம். தாய் பாசி மரக்காணம், கோவளம் பக்கத்து இறால் ஹேச்சரிங்கள்ல (குஞ்சு பொரிக்கிற இடம்) கேட்டா கிடைக்கும், சென்னை சீபா, மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐ மாதிரி ஆராய்ச்சி நிலையத்துலயும் விசாரிக்கலாம். எதுவும் கிடைக்கலன்னா உங்க சொந்த ரிசர்வாயர்ல (தண்ணி தேக்கி வைக்கிற குட்டை) நல்ல பழுப்பு கலர் இருக்குறப்ப 50 மைக்ரான் பையில வடிகட்டி, கீழ இறங்குற தண்ணிய எடுத்து அதையே பெருக்குங்க, நம்ம தண்ணிக்குப் பழகின பாசி, அது பாட்டுக்கு வளரும்.

பெருக்குறது படிப்படியா. அரை லிட்டர்லேர்ந்து 2 லிட்டர், அதுலேர்ந்து 20 லிட்டர் கேன், அப்புறம் 200 லிட்டர் டிரம், அப்புறம் 1000 லிட்டர் டேங்க். ஒவ்வொரு படியிலயும் புது தண்ணியில 10-லேர்ந்து 25 சதவீதம் பழைய பாசி இருக்கணும், கம்மியா ஊத்துனா வேற எதுவாவது முந்திக்கும். உரம், 1000 லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 75 கிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 கிராம், டயாட்டமா இருந்தா சோடியம் மெட்டாசிலிகேட் 30 கிராம், ஒவ்வொண்ணையும் தனித்தனியா கரைச்சு ஊத்துங்க, கூட ஹேச்சரியில குடுக்குற தாது, வைட்டமின் கரைசல் கொஞ்சம். ஒவ்வொரு படியும் நாலஞ்சு நாள்ல கலர் ஏறிடும். கடைசி டேங்குல வர்றப்ப உரத்த நிறுத்திட்டு கழிவுத் தண்ணிய கலக்க ஆரம்பிங்க, முதல் நாள் கால்வாசி, அடுத்து பாதி, அப்புறம் முழுசா. திடீர்னு மொத்தமா கழிவுல போட்டா பாசி மிரண்டு அடியில உக்காந்துடும். உப்பும் அப்படித்தான், ஒரே தடவைல 5 பிபிடிக்கு (லிட்டருக்கு 5 கிராம் உப்பு) மேல மாத்தாதீங்க.

ஒரு முக்கியமான விஷயம், வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் வந்த குட்டைத் தண்ணிய இந்த வேலைக்கு அப்படியே எடுக்கவே எடுக்காதீங்க. அத மதகடைச்சு வச்சு பிளீச்சிங் போட்டு வைரஸையும் அத சுமக்குற நண்டு, கூனியையும் அழிக்கணும், அதுதான் முதல் வேலை. பிளீச்சிங் போட்ட தண்ணி எதுவா இருந்தாலும் குளோரின் கிட்டுல சுத்தமா சைபர்னு காட்டுனப்புறம்தான் பாசிக்கு விடணும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பாசி ஒரு ராத்திரியில வெளுத்துடும். அவசரம்னா சோடியம் தயோசல்பேட் போட்டு முறிக்கலாம்.

இப்ப தினசரி ஓட்டுறது. டேங்குப் பாசிய குட்டையில விட்டு, தண்ணிய இதே மாதிரி படிப்படியா கூட்டி, பாசி பிடிச்சு கலர் நல்லா ஏறுனப்புறம் காலையில 8 மணி வாக்குல பழைய தண்ணிய எடுத்துட்டு புது கழிவுத் தண்ணிய விடுங்க, அப்பதான் பாசிக்கு முழு நாள் வெயில் கிடைக்கும். ஒரு நாளைக்கு குட்டையில கால்வாசிக்கு மேல மாத்தக் கூடாது, மாத்துனா பாசி பெருகுறத விட வேகமா வெளிய போயிடும், ரெண்டே நாள்ல தண்ணி வெளுத்துடும். அளக்குறதுக்கு பெரிய மிஷின் வேண்டாம், நான் ஒரு பழைய எவர்சில்வர் தட்டுல கால் கால் பாகமா கருப்பு வெள்ளை பெயின்ட் அடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு, 5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயித்துல கட்டி வச்சிருக்கேன். காலையில 10 மணிக்கு தண்ணியில இறக்குவேன், தட்டு கண்ணுக்கு மறையிற முடிச்ச எண்ணுவேன். ரெண்டு மூணு முடிச்சுல மறைஞ்சா பாசி நல்லா இருக்கு, அஞ்சு ஆறு முடிச்சு வரைக்கும் தெரிஞ்சா தண்ணி மாத்துறத நிறுத்தி ஒரு ரெண்டு நாள் பொறுக்கணும், ஒரு முடிச்சுலயே மறைஞ்சுட்டா இன்னைக்கே பாசி எடுத்தாகணும், தள்ளிப் போட்டா செத்துடும். இந்த மூணாவதுதான் நான் முதல் வருஷம் கோட்டை விட்டது.

பிஹெச்ச மத்தியானம் 2 மணிக்கு ஒரு தடவை பாருங்க. பாசி கரியமில வாயுவ இழுக்க இழுக்க பிஹெச் 9-க்கு ஏறிடும், அந்த நிலையில நம்ம சூட்டுக்கு அம்மோனியாவுல கிட்டத்தட்ட 40 சதவீதம் விஷ அம்மோனியாவா மாறிடும், 8-ல இருந்தா அது 6, 7 சதவீதம்தான். அதுல கொஞ்சம் காத்துல பறந்து போய் கிட்டு கம்மியா காட்டும், பாசி தின்னுடுச்சுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க, காத்துக்குப் போனது சுத்தம் பண்ணதுல சேராது. பிஹெச் 9-க்கு மேல நின்னா புது கழிவுத் தண்ணி கொஞ்சம் கூட்டி விடுங்க, காத்த கூட்டுங்க, இறங்கும்.

கெடுக்குறவங்கன்னு ரெண்டு பேரு. ஒண்ணு ரோட்டிஃபர், கோப்பிபாட் மாதிரி பூச்சிங்க, பாசிய மேஞ்சுடும், வெள்ளை பாட்டில்ல தண்ணி எடுத்து சூரியனுக்கு எதிர தூக்கிப் பிடிச்சா பொடிப் பொடியா துள்ளுறது தெரியும். உள்ள வர்ற தண்ணிய 50 மைக்ரான் பையில வடிகட்டுறதுதான் இதுக்கு வழி, மீறிப் பெருகிட்டா அந்தக் குட்டைய காலி பண்ணி காய வச்சு டேங்குலேர்ந்து புதுசா ஆரம்பிக்கிறதுதான் நல்லது, மருந்து அடிக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அதனாலதான் அந்த 1000 லிட்டர் டேங்க எப்பவும் உயிரோட வச்சிருக்கணும். இன்னொண்ணு நீலப்பச்சை பாசி, உப்பு குறைஞ்சு பாஸ்பரஸ் ஏறுனா வரும், பெயின்ட் கொட்டின மாதிரி காத்தடிக்கிற மூலையில ஒதுங்கும், மண் வாடை அடிக்கும். அத மேலாக வலையால அள்ளி வெளிய போடுங்க, டயாட்டத்துக்கு சிலிகேட் கொஞ்சம் குடுத்து பலப்படுத்துங்க. அடைமழைக் காலத்துல, ஐப்பசி கார்த்திகையில, இந்த வேலைய குறைச்சுக்குங்க, மூட்டம் போடப் போவுதுன்னு தெரிஞ்சாலே இருக்குற பாசிய எடுத்துடணும்.

இனி எடுக்குறது. முதல்ல பாட்டில் டெஸ்ட். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் அஞ்ச வரிசையா வைங்க, எல்லாத்துலயும் பச்சைத் தண்ணி, ஒண்ண சும்மா விட்டுட்டு மத்த நாலுலயும் நீத்துன சுண்ணாம்புத் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஊத்தி குலுக்கி வைங்க. உப்புத் தண்ணியில மெக்னீசியம் நிறைய இருக்கு, பிஹெச் 10.5 வாக்குல போறப்ப அது வெள்ளையா திரிஞ்சு பாசியையும் சேர்த்து அள்ளிக்கிட்டு கீழ இறங்கும். பார்க்கவே ஆச்சரியமா இருக்கும், பால் திரியிற மாதிரி முதல்ல பொடிப் பொடியா வரும், அப்புறம் பஞ்சு மாதிரி கூடும், அரை மணி நேரத்துல மேல கண்ணாடி மாதிரி தண்ணி, கீழ ரெண்டு விரக்கடை பச்சை. எந்த பாட்டில்ல கம்மி சுண்ணாம்புல இது நடந்துச்சோ அதான் உங்க அளவு, அத குட்டைக்கில்ல, தனியா ஒரு டேங்குல தினம் எடுக்குற தண்ணிக்கு மட்டும் போடுங்க. ஆளுக்கு அளவு மாறும், உப்புக்கு மாறும், இன்னொருத்தர் அளவ அப்படியே போடாதீங்க. இறால் ஓட்டுலேர்ந்து எடுக்குற கைட்டோசானும் போடலாம், வினிகர் மாதிரி லேசான அமிலத்துல கரைச்சு ஊத்தணும், ஆனா உப்பு கூடக்கூட அதோட பிடிப்பு குறையும், 10 பிபிடிக்குக் கீழ ஓட்டுறவங்க முயற்சி பண்ணிப் பாருங்க.

சுண்ணாம்பு போடாமயே உயிர வச்சும் எடுக்கலாம், எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி. பாசிக் குட்டைத் தண்ணி போற வழியில பச்சை ஆளியோ சிப்பியோ கயித்துல கட்டி விட்டா அதுங்க வடிகட்டித் தின்னும், உப்பு 20 பிபிடிக்கு மேல நிலையா இருக்குற இடத்துக்கு சரிப்படும். அடியில உக்கார்ற பாசிய மடவையும் பால்மீனும் மேயும். டேங்குல ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணியில வாழுற பொடி இறால் மாதிரி உயிர்) விட்டு வளர்த்தா பாசிய தின்னு அதுவே தீவனமா வெளிய வரும், உப்பளம் பக்கத்துல இருக்கறவங்களுக்கு இது வசதி. சுண்ணாம்புல எடுத்த பாசிய மட்டும் எதுக்கும் தீவனமா குடுக்காதீங்க.

எடுத்த பச்சைச் சேத்த துணியில வடிச்சு காய வச்சா பாளம் பாளமா வரும். உரம்தானேன்னு வயலுக்குக் கொண்டு போயிடாதீங்க, அதுல உப்பு இருக்கு, நம்ம பக்கத்து மண்ணு ஏற்கனவே உப்பேறித் தவிக்குது. பண்ணைக் கரை மேலயே போடுங்க, உப்பு தாங்குற உமரிச் செடி நல்லா வளரும், கரை அரிக்கிறதும் குறையும்.

பிரிச்ச தண்ணிய ரிசர்வாயருக்கே திருப்பிடுறதுதான் முதல் விருப்பம், அடுத்த வளர்ப்புக்கு ஆகும், வெளிய விடுற தண்ணியும் குறையும். வெளிய விட்டே ஆகணும்னா சுண்ணாம்பு போட்ட தண்ணிய ரெண்டு மூணு நாள் காத்து குடுத்து நிறுத்தி பிஹெச் 8.5-க்கு கீழ வந்தப்புறம்தான் விடணும். சுண்ணாம்பு போடாத தண்ணின்னா நேரம் பார்க்கணும், விடியக்காலையில பிஹெச் நல்லா இருக்கும் ஆனா ராத்திரி பூரா பாசி மூச்சு விட்டு ஆக்சிஜன் அடிமட்டத்துல இருக்கும், மத்தியானம் ஆக்சிஜன் நிறைய இருக்கும் ஆனா பிஹெச் ஏறியிருக்கும். ரெண்டும் ஒத்து வர்றது காலை 9-லேர்ந்து 10 மணி வாக்குல. அந்த நேரத்துல கடல் வத்துற நாளா பார்த்துக்குங்க, ஏறுற நேரம் திறந்தா தண்ணி வாய்க்கால்லயே நின்னுடும். நான் திறக்குறதுக்கு முன்னாடி நாள் சாயங்காலம் அந்தப் பெரியவருக்கு ஒரு போன் போட்டுடுவேன், வாய்க்கால் வாயில வலை கட்டியிருந்தா எடுத்துக்குவாரு.